மூன்றாம் சரணம் இல்லாத பாட்டு

கேசட்டுக்குப் பூசணம் பிடிக்காமல் இருக்க அரிசிப் பானையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். பீரோவில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் நாடா ஒட்டிப்போகும். அப்புறம் பாடுகிறவர் தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவதுபோல இருக்கும். இந்தப் பையில் இருக்கிற ஏழும் என் வீட்டுப் பானையிலிருந்து எடுத்து வந்தவை. கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும். துடைத்துக்கொள்ளுங்கள் சார்.

என் பெயர் மாரப்பன். ஊர் முள்ளுக்குறிச்சி. இரண்டு ஏக்கர் மரவள்ளி வைத்திருக்கிறேன். அதோடு இருபத்தெட்டு வருஷமாக மைக் செட் தொழில். இந்த மலையில் நான் ஒலிபெருக்கி கட்டாத கோயில் குறைவு. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது என்றார்கள். 2004 ஆடியில் கோயில் மேடையில் சபரீஷ் என்கிற பாடகன் கரண்ட் அடித்து இறந்தான். அந்தக் கேஸ் கட்டு உங்கள் அலமாரியில் இருக்கும். விபத்து என்று முடித்துவைத்தார்கள். அதில் என் வாக்குமூலமும் ஒன்றரைப் பக்கம் உண்டு. அதில் ஒரு திருத்தம் சொல்லத்தான் முதல் பஸ் ஏறி வந்தேன். ஆனால் பாட்டின் கதையைச் சொல்லாமல் திருத்தத்தை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் சம்சாரம் பேர் அத்தாயி. 1996 ஆடியில் இதே மலையில் ஒரு கோயிலுக்கு மைக் செட் கட்ட வந்தபோது அவளும் கூட வந்தாள். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஓட்டினவன் இளவயசுக்காரன், பயந்துபோய் விரட்டினான். இவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சொன்னாள், "மெதுவாப் போ சாமி. எனக்கொண்ணும் அவசரமில்லே." ஒவ்வொரு வளைவுக்கும் அதையே சொன்னாள். அவளுக்கு அவசரம்தான். ஆனால் அந்தப் பையன் பதறக்கூடாது என்று சொன்னாள். அவள் அப்படிப்பட்டவள். முப்பத்தொன்பதாம் வளைவு என்று போர்டு வந்தது. அங்கே அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சபரீஷ் எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரன். அவன் அம்மா பழனாயி என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். அதனால் அவனுக்கு நான் மாமா. பகலில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் அடிப்பான். மற்ற நேரம் ஓரி மெல்லிசைக் குழு என்று ஒன்று வைத்துக்கொண்டு பாடுவான். காரியம் முடிந்த மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் வளைவுகளைப் பற்றிச் சொன்னேன். பட்டறைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு வாரம் கழித்து வந்து பாடிக் காட்டினான். 'எழுபது வளைவு' என்று பேர் வைத்திருந்தான்.

முதல் சரணம் மலை ஏறுவது. டிரம்ஸ் அப்படியே லாரி இன்ஜின் மாதிரி வரும். இரண்டாம் சரணம் உச்சி, திருவிழா, கூட்டம். மூன்றாவது இறங்குவது. அங்கே எல்லா வாத்தியமும் நின்றுவிடும். கிடாரில் ஒரே ஒரு கம்பி மட்டும் விட்டுவிட்டு அடிக்கும். அதன்மேல் மைக்கில் உதட்டை ஒட்டவைத்து, காதில் சொல்கிற மாதிரி அவள் சொன்னதைச் சொல்லுவான். மெதுவாப் போ சாமி, எனக்கொண்ணும் அவசரமில்லே.

"இதுக்குப் பேரு ராக் மியூசிக்குங்க மாமா," என்றான்.

"கத்தறதுதானே கண்ணு அது?"

"கத்தறதுக்கு மட்டுமில்லீங்க. நிறுத்தறதுக்கும் அதுல எடமிருக்குது."

எனக்கு அது பிடித்திருந்தது. நிறுத்துவதற்கு இடம் உள்ள பாட்டு.

இதுதான் முதல் கேசட். 1997 கார்த்திகை. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். ஆறு நிமிஷம் நாற்பது வினாடி. மூன்றாம் சரணத்தில் தூரத்தில் ஒரு லாரி ஹாரன் கேட்கும், வெளியே ரோட்டில் போனது. மறுபடி எடுக்கலாம் என்று சபரீஷ் சொன்னான். நான்தான் இருக்கட்டும் என்றேன். ராசிபுரத்தில் கேசட் கடை வைத்திருக்கிற ஷேக் பரீத் பாய் முந்நூறு கேசட் போட்டு வெளியிட்டார். கடையில் முதல்தடவை போட்டுக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு முடிகிறவரை அவர்களை அவர் கவனிக்கவில்லை. அப்புறம் கேட்டார், "அண்ணா, கடைசியா வர்ற பேச்சுக்கு அக்கா பேரை அட்டையில போடலாமா?" பாருங்கள், உள் மடிப்பில் சின்ன எழுத்தில் இருக்கிறது. 'மூன்றாம் சரணம்: அத்தாயி அம்மாள் சொன்னது.' அவள் பேர் அச்சில் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இதற்கு நடுவே ஒரு பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அத்தாயி காய் நறுக்கும்போது போட்டு உட்காருகிற பலாப் பலகை அது. இரண்டடிக்கு இரண்டடி இருக்கும். மலைக்கோயில்களில் மேடை எல்லாம் சாமிக்கு முன்னால் மண்ணில்தான் போடுவார்கள். பாடுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மண் சில்லிட்டுக் கிடக்கும். அவள்தான் ஒரு வருஷம் அந்தப் பலகையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். "நின்னு பாடறவங்களுக்குக் கால் வெறைக்குமுங்க, அடியில போட்டு உடுங்க," என்றாள். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மேடை காய்ந்திருந்தால் பலகை என் காலுக்கு அடியில் இருக்கும். தூறல் விழுந்தால் எழுந்துபோய்ப் பாடுகிறவர் காலுக்குப் போட்டுவிட்டு, நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன். குளிருக்காக அவள் வைத்தது. மைக் செட்காரனுக்கு அதில் இன்னொரு உபயோகமும் தெரியும். காய்ந்த மரத்தில் நிற்கிறவனைக் கரண்ட் பிடிக்காது.

1998 ஆடியில் செம்மேட்டில் முதல்தடவை மேடையில் பாடினான். அது இரண்டாவது கேசட். மைக் எல்லாம் வந்து சேர்கிற மிக்சர் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து நான் எல்லா நிகழ்ச்சியையும் பதிவு செய்வது வழக்கம். மூன்றாம் சரணம் முடிந்து யாரும் கை தட்டவில்லை. ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்கும். அதைவிட நல்ல பதிவு பிறகு வரவில்லை.

1999ல் திருச்சியில் ஒரு கம்பெனி பாட்டை வாங்கி, பத்துப் பாட்டு உள்ள தொகுப்பில் சேர்த்து வெளியிட்டது. சபரீஷ் டிவிஎஸ் வண்டியில் அதிரசத்தோடு வந்தான். நான் நின்றுகொண்டே கேட்டேன். இரண்டாம் சரணம் முடிந்ததும் சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது. மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அங்கே வேறு பாட்டு இருந்தது.

"மாமா, நாலு நிமிசத்துக்கு மேல ஆகாதுன்னுட்டாங்க," என்றான். "கேசட்டுல எடமில்லீங்க. மேடையில முழுசாப் பாடிக்கலாமுங்க."

சரி கண்ணு என்றேன். நான் யாரிடமும் கோபித்துக்கொண்டு பழகினவன் இல்லை. அதிரசத்தில் ஒன்றை அவன் முன்னாலேயே தின்றேன்.

2000ல் புளியஞ்சோலையில் ஒரு மேடை. கடைசி பஸ்ஸுக்கு ஜனம் எழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் சரணம் வரவேண்டிய இடத்தில் அவன் மைக் ஸ்டாண்டை ஒரு கையில் பிடித்துச் சாய்த்து, "எல்லாரும் கையத் தட்டுங்க," என்றான். எழுந்த ஜனம் நின்று தட்டியது. இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு மட்டும் மாமா, பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க பாருங்க," என்றான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வருஷம் ரீமிக்ஸ் என்று இன்னொரு கேசட் வந்தது. இதோ, மஞ்சள் அட்டை. அதில் அந்தக் கைதட்டலையே பதிவு செய்து போட்டிருந்தார்கள். கீபோர்டு சேர்ந்தது. 'ஹேய் ஹேய்' என்று பெண் குரல்கள் சேர்ந்தன. பாய் போட்ட கேசட் முந்நூறுதான். இது எத்தனை ஆயிரமோ. துறையூர்க் குழு, ராசிபுரத்துக் குழு, காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இதைக் கேட்டுத்தான் பாட்டைப் பழகினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு அதுதான். ஒரு கல்யாண வரவேற்பில் ராதிகா என்கிற பெண் பாடினாள். நல்ல குரல். பிற்பாடு சபரீஷ் குழுவிலேயே சேர்ந்தாள். கைதட்டல் வருகிற இடத்தில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வைத்து நாலு வரி பாடினாள். நான்தான் அன்றைக்கும் மைக் செட். என் அத்தாயி கடைசியாகப் பேசின இடத்தில் நின்று யாரோ இரண்டு பேரை வாழ்த்தினார்கள். நான் சத்தத்தை ஏற்றி இறக்கிச் சரியாக வைத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டிருந்தார். முப்பத்தொன்பதாம் வளைவில் திரும்பும்போது சரியாகக் கைதட்டல் வந்தது. அவர் ஹாரனிலேயே அந்தத் தாளத்தை அடித்தார். பயணிகள் எல்லாரும் தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன்.

சபரீஷிடம் நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் கேட்பேன். "இன்னைக்கு மூணாவது பாடறயா கண்ணு?" "பாடறனுங்க மாமா." அப்புறம் ஸ்டாண்டைப் பிடிப்பான். இறங்கி வந்து, "அடுத்தவாட்டி கண்டிப்பாங்க," என்பான். நாலு வருஷத்தில் இது நாற்பத்தொரு தடவை நடந்தது. நான் எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை. அது தானாக மனதில் ஏறிக்கொண்டே போனது.

2003ல் சி.டி. வந்தது. சி.டியை நான் கொண்டுவரவில்லை. அட்டையில் இந்தப் பாட்டுக்கு எதிரே 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். அதாவது யாரும் எழுதாதது, யாரும் சொல்லாதது. பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் படித்துவிட்டு, "உடுங்கண்ணா. அல்லாவுக்குத் தெரியும் யார் சொன்னதுன்னு," என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

2004 தை மாசம் ஒரு மேடைக்கு முன்னால் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போலக் கேட்டேன். கிடார் வாசிக்கிற பூபதி, அவன் வாய்த்துடுக்கானவன், "ஏனுங் மாமா, மூணாஞ் சரணம் பாடுனா ஜனம் செருப்பத் தேடுதுங்க. அது பாட்டுங்களா, ஆஸ்பத்திரிச் சீட்டுங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பூபதி சிரித்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. சபரீஷும் சிரித்தான். இலையைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல்தான் சிரித்தான். ஆனால் சிரித்தான்.

அதே தையில்தான் என் மிக்சர் பெட்டியில் பாடி லீக் இருப்பதைக் கண்டேன். பெட்டியின் உடம்பில் கரண்ட் இறங்கி நிற்பதை அப்படிச் சொல்வோம். அது மைக் ஒயர் வழியாகப் போய் மைக்கின் இரும்பு வலையிலும் ஸ்டாண்டிலும் நிற்கும். காய்ந்த தரையில் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு தொட்டால் தெரியும். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கலாம். மாசி போனது, பங்குனி போனது. கொடுக்கவில்லை. மரவள்ளிக்குக் களை எடுக்கிற வேலை இருந்தது. அப்படித்தான் போன வாக்குமூலத்தில் சொன்னேன்.

அந்த ஆடியில் இங்கேதான் ஒரு ஊர்க் கோயிலில் நிகழ்ச்சி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட எர்த் கம்பி அடித்தேன். அடியில் பாறை, பாதிக்குமேல் இறங்கவில்லை. அது உங்கள் கேஸ் கட்டிலேயே இருக்கும். ராதிகா ஆறு பாட்டுப் பாடி இறங்கினாள். அப்போது தூறல் பிடித்தது. செட்டின்மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் கால்மணி நேரம் எல்லாரும் கோயிலுக்குள் ஒதுங்கி நின்றோம். ஜனம் கலையவில்லை. எழுபது வளைவு பாடாமல் விடமாட்டோம் என்று விசில் அடித்தார்கள். தூறல் விட்டதும் சபரீஷ் ஏறினான். மண் நன்றாக ஊறியிருந்தது. மைக்குக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தான்.

"மாமா, பலகைங்க?"

"மறந்துட்டு வந்துட்டேன் கண்ணு. ஊட்ல கெடக்குது."

"பரவால்லீங்க மாமா. ஒரு பாட்டுத்தானுங்களே."

மழைக்குத் துணி போர்த்தியிருந்த மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பூபதி பிளாஸ்டிக் நாற்காலியில். அவன் கிடாருக்குத் தனிப் பெட்டி, அதில் குறை இல்லை. ஆரம்பித்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவன் வழக்கம்போல இரண்டு சரணத்தையும் ஒரு சாண் தள்ளி நின்று பாடுவான். குரல் அப்படி. மைக்கைத் தொடமாட்டான். அப்புறம் மூன்றாவது வரவேண்டிய இடத்தில் ஸ்டாண்டைப் பிடிப்பான். பிடித்ததும் கை உதறும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தலையில் குட்டுவதுபோல ஒன்று. அடுத்த தடவை அந்த இடத்துக்கு வரும்போது கை தயங்கும். தயங்கினால் பாட்டு ஞாபகம் வரும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையால் பிடித்திருந்தால் கை உதறித்தான் இருக்கும்.

இரண்டாம் சரணம் முடிந்தது. ஜனம் தட்டுவதற்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. சபரீஷ் பூபதியைத் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். டிரம்ஸ் நின்றது. ஒற்றைக் கம்பி மட்டும் அடித்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். என் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்தான், உதட்டை மைக்குக்குக் கொண்டுபோனான்.

அந்த இடைவெளி ஒரு மூச்சு இழுக்கிற நேரம். ஏழாவது கேசட்டில் அந்த மூச்சு இருக்கிறது. மெயின் சுவிட்ச் என் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். என்ன நடக்கப்போகிறது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியும் சார். உதடு, ஈர மண், வெறுங்கால். தெரியாமல் இல்லை. என் கை சுவிட்சுக்குப் போகவில்லை. வலது கை சத்தத்தைக் கூட்டப் போனது. அந்தச் சரணம் மெதுவாக வரும். எப்போதும் அந்த இடத்தில் கூட்டித்தான் வைப்பேன். நாலு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது மேடையில் அதைக் கேட்டு.

"மெதுவா," என்று ஒரு வார்த்தை வந்தது. மலை முழுக்கக் கேட்டிருக்கும், அவ்வளவு கூட்டியிருந்தேன்.

அப்புறம் கேசட்டில் ஒரு இரைச்சல். அது எட்டு வினாடி. எட்டாவது வினாடியில் நான் சுவிட்சை அணைத்தேன். மாரப்பண்ணன்தான் பாய்ந்து அணைத்தார் என்று எல்லாரும் சாட்சி சொன்னார்கள். பாய் ராசிபுரத்திலிருந்து வந்து, இவர் எறும்புக்கும் ஒதுங்கி நடக்கிறவர் என்று எழுதிக் கொடுத்தார். எட்டு வினாடியை யாரும் கேட்கவில்லை. நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழனாயிதான் எனக்கு வாராவாரம் ஒருநாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். மகனைப் பறிகொடுத்தவர். தனியாகக் கிடக்கிற மனுஷன், வாய்க்கு ருசியாக ஒருநாளாவது தின்னட்டும் என்று கொண்டுவருகிறார். கம்பஞ்சோறும் மொச்சைக் குழம்பும். நான் தின்பேன். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத்தான் கொடுப்பேன்.

போன வியாழக்கிழமை வந்தவர் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்கண்ணா, எம் பையன் பாடுன மொத கேசட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றார்.

"எதுக்குங்கம்மா?"

"அந்த ஆடிக்கு முன்னால ரெண்டு நாளா ஊட்ல அந்த மூணாவதையேதான் பாடிப் பாடிப் பார்த்துட்டிருந்தானுங்க. தொண்டை கட்டிக்கும்டான்னேன். இல்லம்மா, அத்தை போயி எட்டு வருசம் ஆகுது, இந்த ஆடிக்கு மாமனுக்கு முழுசாப் பாடிக் காட்டோணும்னான். பூபதியும் இதைக் கேலியாச் சொல்லிச் சிரிச்சுட்டனேன்னு எங்கிட்ட அழுதாம்மான்னான். நான் அடுப்பு வேலையில இருந்தேன். காதுல சரியா உழுகலீங்க. ஒருக்காக் கேக்கோணும்."

போட்டுக் காட்டினேன். லாரி ஹாரன் வரைக்கும் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழும்போது சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலாப் பலகையைப் பார்த்தார். கிட்டே போய் அதன்மேல் படிந்திருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டார்.

"இதத்தானுங்களே அன்னைக்கு மறந்துட்டுப் போனீங்க," என்றார். "அதையே நெனச்சு நெனச்சுத்தான் நீங்க உருகறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. மனுசனுக்கு மறதி வாரதுதான். எம் பையன் உங்களை ஒண்ணும் நெனைக்கமாட்டானுங்க. நானும் நெனைக்கலீங்க. நீங்க நல்லாத் தின்னுட்டு இருங்கண்ணா."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். அது நிஜமான மறதி. மறதி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சார், அந்தப் பலகை வீட்டில் கிடக்கவில்லை. காலையிலேயே வண்டியில் ஏற்றியிருந்தேன். அவன் குனிந்து, பலகை எங்கே மாமா என்று கேட்டபோது அது துணி மூடின மேஜைக்கு அடியில் இருந்தது. என் இரண்டு காலும் அதன்மேல்தான் இருந்தன. சின்னக் குட்டுத்தான் என்று நினைத்தேன் என்று முன்னால் சொன்னேன் இல்லையா. அந்தக் குட்டு எவ்வளவு பெரியது என்று என் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவுதான் திருத்தம். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. பலகையை மறந்துவிட்டேன் என்று முன்னால் எழுதியிருக்கிற அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். பழனாயி அம்மாவுக்குத் தெரிந்தால் மனசு நொந்துபோவார். யார் மனசும் என்னால் நோகக்கூடாது என்றுதான் நான் இத்தனை காலமும் இருந்திருக்கிறேன்.